முதல் மருந்து ஏறுமுன் ஒரு கேள்வி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழா என்றால் பழைய நினைவுகளைக் கதைப்போம், இல்ல விளையாட்டுப்போட்டியைப் பற்றிச் சிரிப்போம். அதற்கெல்லாம் நாளை முழுவதும் நேரம் இருக்கிறது. இன்று சுகாதாரம் பற்றிக் கதைக்கும்படி சங்கத்தார் கேட்டபோது, நம்மிடையே அதிகம் கதைக்கப்படாத ஒன்றைத் தெரிவுசெய்தோம். புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் கீமோதெரபி மருந்துகள் ஒரு பெண்ணின் பிள்ளைப்பேற்றையும் மாதவிடாயையும் என்ன செய்கின்றன, அதற்கு முன்கூட்டியே என்ன செய்யலாம் என்பதே நம் பொருள்.

நம் கல்லூரியின் முதல் வகுப்பறை கட்டப்பட்ட காலத்தில் புற்றுநோய்க்குக் கத்தியும் கதிரும் தவிர வேறு சிகிச்சை அநேகமாக இருக்கவில்லை. நோயின் பெயரைக்கூட வீட்டில் உரத்துச் சொல்லமாட்டார்கள். இன்று நிலைமை வேறு. மஹரகம அபெக்ஷா வைத்தியசாலையிலும், நாட்டின் தெற்கு முனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் மக்கள் நடந்து சேர்த்த நிதியில் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையிலும், இன்னும் பல அரச வைத்தியசாலைகளிலும் இந்த மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நோயாளிகள் பலர் பிழைக்கிறார்கள். இருபத்தைந்து வயதில் பிழைத்த ஒரு பிள்ளைக்கு முன்னால் இன்னும் ஐம்பது வருட வாழ்வு இருக்கிறது. அந்த ஐம்பது வருடம் எப்படி இருக்கும் என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

கீமோ என்றவுடன் எல்லோரும் முதலில் கேட்பது, “தலைமயிர் கொட்டுமா?” என்பது. கொட்டும், திரும்ப முளைக்கும் என்று சொல்கிறோம். அது உண்மை. இந்த மருந்துகள் வேகமாகப் பிரியும் கலங்களைத் தாக்குகின்றன. புற்றுநோய்க் கலமும் வேகமாகப் பிரிகிறது. மயிர்க்கால், வாயின் உட்தோல், எலும்பு மச்சை ஆகியவற்றின் கலங்களும் அப்படியே. அதனால் அவையும் அடிபடுகின்றன. ஆனால் அங்கெல்லாம் புதிய கலங்களை உண்டாக்கும் மூலக் கலங்கள் உண்டு. மருந்து நின்றதும் அவை திரும்ப வேலை தொடங்கும்.

சூலகம் அப்படியானதல்ல. ஒரு பெண்குழந்தை தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போது அவளுடைய இரண்டு சூலகங்களிலும் 60 முதல் 70 இலட்சம் முட்டைகள் இருக்கின்றன. பிறக்கும்போது அது 10 முதல் 20 இலட்சமாகக் குறைந்துவிடும். பெரியபிள்ளையாகும் வயதில் 3 முதல் 4 இலட்சம். வாழ்நாள் முழுவதிலும் முற்றி வெளியே வருபவை ஏறக்குறைய 400 மாத்திரம். மற்றவை தாமாகவே அழிந்துபோகும். கையிருப்பு ஆயிரத்தளவுக்கு வரும்போது மாதவிடாய் நிற்கிறது. இது சீதனமாக வந்த வைப்புப் பணம் போன்றது: எடுக்கலாம், புதிதாகப் போடமுடியாது. மயிர் திரும்ப முளைக்கும், முட்டை முளைக்காது. தலைமயிரைப் பற்றிக் கேட்கும் நாம் சூலகத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

எல்லா மருந்தும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை. கீமோ என்பது ஒரு மருந்தின் பெயரல்ல, பெரிய குடும்பத்தின் பெயர். அதில் சூலகத்துக்கு மிகக் கடுமையானவை சைக்ளோபொஸ்பமைட், ஐபொஸ்பமைட், புசல்பான், மெல்பலான், புரோகாபசின் போன்றவை. இவை கலத்தின் டி.என்.ஏ. இழைகளையே பிணைத்துச் சேதமாக்குபவை. அதனால் பிரியாமல் உறங்கிக்கொண்டிருக்கும் முட்டையையும் விடமாட்டா. சிஸ்பிளாற்றினும் டொக்சோரூபிசினும் இடைத்தரமானவை. மெதோட்ரெக்சேற், வின்கிறிஸ்ரின், புளோரோயூராசில், பிளியோமைசின் ஆகியவற்றால் சூலகத்துக்கு வரும் ஆபத்து குறைவு.

மெதோட்ரெக்சேற் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் போகமுடியாது, ஏனென்றால் அதன் கதை நம் சாப்பாட்டு மேசையில் இருக்கும் மார்மைற் போத்தலில் தொடங்குகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளப் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் வந்த கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். மார்மைற் கொடுத்தால் அது மாறியது. அதிலிருந்த சத்து பின்னர் போலிக் அமிலம் என்று இனங்காணப்பட்டது. இன்று நம் தாய்மார் கிளினிக்கில் கொடுக்கும் குளிசை அதுதான். போலிக் அமிலம் கலங்களை வளர்க்குமானால், அதைத் தடுக்கும் மருந்து புற்றுநோயைத் தடுக்கக்கூடும் என்று சிட்னி பார்பர் என்ற அமெரிக்கக் குழந்தை நோயியல் மருத்துவர் எண்ணினார். அவருக்கு அந்த மருந்துகள் சென்னையில் மருத்துவம் படித்த எல்லப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்குழுவிலிருந்து கிடைத்தன. அந்த வழியில் வந்ததே மெதோட்ரெக்சேற். 1956இல் மின் சியூ லீ, றோய் ஹேட்ஸ் என்ற மருத்துவர்கள் அதைக் கொண்டு, கர்ப்பத்தின் நஞ்சுக்கொடியிலிருந்து உண்டாகிக் கொல்லும் ஒரு புற்றுநோயைப் பெண்களில் மாற்றிக் காட்டினார்கள். திடமான கட்டி ஒன்று மருந்தால் முற்றாகக் குணமானது அதுவே முதல் தடவை. அந்த நோய் வந்த பெண்களிற் பலர் கருப்பையை இழக்காமல், பின்னர் பிள்ளையும் பெறுகிறார்கள். ஆகவே “கீமோ ஏற்றினால் இனிப் பிள்ளை இல்லை” என்று ஊரில் சொல்வது சரியல்ல. “கீமோவால் ஒன்றும் ஆகாது” என்பதும் சரியல்ல. எந்த மருந்து, எவ்வளவு, எந்த வயதில் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

வயது மிக முக்கியம். சைக்ளோபொஸ்பமைட் சேர்ந்த ஆறு சுற்றுச் சிகிச்சையை மார்பகப் புற்றுநோய்க்காகப் பெற்றவர்களில், 40 வயதைக் கடந்தவர்களாயின் பத்துப்பேரில் எட்டுப்பேருக்கு மேல் மாதவிடாய் நிரந்தரமாக நின்றுவிட்டதாகப் பழைய கணிப்புகள் சொல்கின்றன. 30க்குக் கீழ்ப்பட்டவர்களில் அது பத்துக்கு இரண்டுக்கும் குறைவு. இருப்பு அதிகமாக உள்ளவள் அதிக செலவைத் தாங்குகிறாள். இடுப்புப் பகுதிக்குக் கதிர்ச்சிகிச்சையும் கொடுத்தால் இந்தக் கணக்கு மாறும்; கதிர் சூலகத்துடன் கருப்பையையும் பாதிக்கும்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. சிகிச்சைக் காலத்தில் நின்ற மாதவிடாய் சில மாதங்களிலோ ஒரு வருடத்திலோ திரும்ப வரும்போது வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். மாதவிடாய் வந்தது நல்ல செய்திதான். ஆனால் இருப்பு பழைய அளவில் இருக்கிறது என்பதற்கு அது சாட்சியல்ல. அந்தப் பிள்ளைக்கு மாதவிடாய் 50இல் நிற்காமல் 38இல் நிற்கக்கூடும். முப்பதைந்துக்குப் பிறகு பார்ப்போம் என்று அவள் நினைத்திருந்தால் காலம் கைவிட்டுப் போயிருக்கும். ஏ.எம்.எச். என்ற இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் இருப்பைப் பற்றி ஓரளவு சொல்லும்.

இனி, கிளினிக்கில் நடப்பதைச் சொல்கிறோம். இது ஒரு பிள்ளையின் கதையல்ல. பலருடையது, ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறோம். இருபத்துமூன்று வயது, பல்கலைக்கழக மாணவி. கழுத்தில் கட்டி, ஹொட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுநோய். நல்லாய் மாறக்கூடிய நோய். கதிரையில் அவள் இருக்கிறாள், பக்கத்தில் அம்மா, பின்னால் மாமா. மாமாதான் கதைக்கிறார். சிகிச்சை எத்தனை மாதம், மயிர் கொட்டுமா, பத்தியம் என்ன என்று கேட்கிறார். நாங்கள் பிள்ளையைப் பார்த்து, “பிற்காலத்தில் பிள்ளைப்பேறு பற்றி...” என்று தொடங்கினால் அம்மா கையைக் காட்டுகிறார். “கலியாணம் கட்டாத பிள்ளை டொக்டர். இப்ப அவளுக்கு அதெல்லாம் வேண்டாம். முதலில உயிர் தப்பட்டும்.”

அந்தத் தாயைக் குறை சொல்லமுடியாது. அவர் பயத்தில் இருக்கிறார். மகளுக்கு இப்படி வருத்தம் என்று தெரிந்தால் சம்பந்தம் வராது, அதோடு இதையும் சேர்த்தால் என்ன ஆகும் என்ற கணக்கு அவர் மனதில் ஓடுகிறது. அவசரத்தில் இருக்கும் வைத்தியரும் அதை அப்படியே விட்டுவிடக்கூடும். பிள்ளையும் மாமாவின் முன்னால் வாய் திறக்கமாட்டாள். மூன்று பக்கமும் அன்பு இருக்கிறது, மூன்று பக்கமும் மௌனம். அடுத்த கிழமை மருந்து ஏறுகிறது. ஆறு, ஏழு வருடம் கழித்து, திருமணமான பின், அதே பிள்ளை வந்து கேட்பாள்: “இப்படி நடக்கலாம் என்று அப்பவே உங்களுக்குத் தெரியுமா? ஏன் எனக்குச் சொல்லவில்லை?” இந்தக் கேள்விக்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை.

ஆகவேதான் சொல்கிறோம்: முதல் மருந்து ஏறுமுன் கேளுங்கள். அதற்கு முந்திய சில நாட்களில்தான் வழிகள் திறந்திருக்கின்றன.

என்ன வழிகள்? முதலாவது, முட்டைகளை எடுத்து உறையவைப்பது. பத்து, பன்னிரண்டு நாட்கள் ஓமோன் ஊசி போட்டு, முட்டைகள் முற்றியதும் எடுத்துக் கடுங்குளிரில் வைப்பார்கள். முன்பு மாதவிடாய் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது எந்த நாளிலும் தொடங்கலாம். ஏறக்குறைய இரண்டு கிழமையில் முடிந்துவிடும். மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு ஈஸ்திரஜன் ஏறாமல் இருக்க லெட்ரோசோல் என்ற குளிசையையும் சேர்த்துக் கொடுப்பார்கள். திருமணமானவர்கள் விரும்பினால் முளையமாகவும் வைக்கலாம். அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012இலேயே முட்டை உறையவைத்தலைப் பரிசோதனை முறை அல்ல, வழக்கமான சிகிச்சை என்று ஏற்றுக்கொண்டது. எடுத்த எல்லா முட்டையும் பிள்ளையாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது உத்தரவாதமல்ல, ஒரு வாய்ப்பு.

இரண்டாவது, சூலகத்தின் ஒரு துண்டைச் சிறு சத்திரசிகிச்சையில் எடுத்து உறையவைத்து, நோய் மாறியபின் திரும்ப வைப்பது. பெல்ஜியத்தில் ஹொட்ஜ்கின் நோயிலிருந்து மீண்ட ஒரு பெண் இப்படி 2004இல் முதல் குழந்தையைப் பெற்றார். ஊசி போட்டுக் காத்திருக்க நேரம் இல்லாதவர்களுக்கும் இன்னும் பெரியபிள்ளையாகாத சிறுமிகளுக்கும் இது ஒன்றே வழி. ஆனால் இரத்தப் புற்றுநோயில் அந்தத் துண்டிலேயே நோய்க் கலங்கள் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் அதைத் திரும்ப வைப்பது ஆபத்து.

மூன்றாவது, சூலகத்தை உறங்கவைக்கும் ஊசி. கொசரலின் போன்ற மருந்தை, கீமோ தொடங்குவதற்கு ஒரு கிழமை முன்பிருந்து நான்கு கிழமைக்கு ஒருமுறை தோலின் கீழ் போடுவார்கள். ஓமோன் சார்பற்ற மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களில் செய்யப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், ஊசி போடாதவர்களில் 22 வீதத்தினருக்குச் சூலகம் செயலிழந்தது, போட்டவர்களில் 8 வீதத்தினருக்கு. இது முழுப் பாதுகாப்பு அல்ல, முட்டை வைப்பதற்குப் பதிலும் அல்ல. ஆனால் பெரிய வசதிகள் இல்லாத இடத்திலும் போடக்கூடியது.

நம் நாட்டில் கீமோ மருந்து இலவசம். முட்டை உறையவைக்கும் வசதி பெரும்பாலும் கொழும்பில், தனியார் நிலையங்களில், காசு கொடுத்துப் பெறவேண்டியது. மட்டக்களப்பிலோ கிளிநொச்சியிலோ இருந்து நோயோடு ஒரு பிள்ளை அங்கே போய்வருவது இலேசல்ல. புலம்பெயர்ந்த நாடுகளில் நிலைமை மாறுபடும். உதாரணமாக, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மருத்துவக் காரணத்துக்காக முட்டை வைப்பதற்கு அரச நிதியுதவி உண்டு. அங்கே இருக்கும் சகோதரிகள் கேட்டால் கிடைக்கக்கூடியதைக் கேளாமல் விடவேண்டாம்.

சில வேளைகளில் எந்த வழியும் இராது. கடுமையான இரத்தப் புற்றுநோயில் நாட்கணக்கில் மருந்து தொடங்கவேண்டும்; காத்திருந்தால் உயிர் போய்விடும். அங்கே உயிர்தான் முதல், அதில் இரண்டாம் பேச்சில்லை. அப்படியானாலும் அந்தப் பிள்ளைக்கு விடயம் சொல்லப்பட வேண்டும். தெரிந்து இழப்பதும் தெரியாமல் இழப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் அவள் துக்கப்படுவாள். இரண்டாவதில் ஏமாற்றப்பட்டதாக உணர்வாள்.

சிகிச்சை நடக்கும் காலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மாதவிடாய் நின்றுவிட்டது, இனிக் கர்ப்பம் தங்காது என்று நினைக்கவேண்டாம். தங்கும். முதல் மூன்று மாதத்தில் கீமோ மருந்து ஏறினால் சிசுவுக்கு அங்கக் குறைபாடு வரலாம். தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மாத்திரமே நம் நாட்டுச் சட்டம் கருக்கலைப்பை அனுமதிக்கிறது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். ஆகவே திருமணமான பெண்கள் தொடக்கத்திலேயே குடும்பக்கட்டுப்பாடு பற்றிக் கேட்கவேண்டும். மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு ஓமோன் குளிசையும் ஊசியும் பொருந்தாது. செப்பு லூப் அல்லது ஆணுறை பொருந்தும். மருந்து ஏற்றும் காலத்தில் தாய்ப்பால் கொடுப்பதும் கூடாது. ஏற்கனவே கர்ப்பமாக இருக்கும்போது நோய் கண்டுபிடிக்கப்பட்டால் மனம் உடையவேண்டாம். நான்காம் மாதத்துக்குப் பிறகு கொடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள்.

சூலகம் நேரகாலத்தோடு ஓய்ந்துவிட்டால் பிள்ளைப்பேறு மாத்திரம் போவதில்லை. முப்பது வயதில் ஐம்பது வயதின் உபாதைகள் வருகின்றன. திடீரென உடம்பு கொதிக்கும், இரவில் வேர்த்து நனையும், நித்திரை வராது, பெண்ணுறுப்பு வறண்டு தாம்பத்தியம் நோவாகும். கணவர் விலகுகிறார் என்று இவள் நினைப்பாள், இவள் விலகுகிறாள் என்று கணவர் நினைப்பார், இருவரும் கதைக்கமாட்டார்கள். இது நோயல்ல, மருந்தின் பின்விளைவு. இதற்கு உதவி உண்டு. வறட்சிக்கு ஓமோன் இல்லாத களிகளே இருக்கின்றன. எலும்பு மெலிவதைத் தடுக்க நடை, பாரம் தூக்கும் பயிற்சி, கல்சியம், விற்றமின் டி, தேவையானால் எலும்புப் பரிசோதனை. இதயத்துக்கும் கவனம் வேண்டும். ஓமோன் சார்ந்த புற்றுநோய் இல்லாதவர்களுக்கு, இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயது வரையும் ஓமோன் குளிசை கொடுப்பது நல்லது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அது பொருந்தாது. வெட்கத்தால் சொல்லாமல் இருந்து வருடக்கணக்கில் துன்பப்படும் அக்காமார் இந்த மண்டபத்திலும் இருக்கக்கூடும். உங்கள் வைத்தியரிடம், அவர் ஆணாக இருந்தால் அங்கே இருக்கும் தாதியிடமாவது, சொல்லுங்கள்.

இனி நல்ல செய்தி. நோய் மாறியபின் பிள்ளை பெற்றால் புற்றுநோய் திரும்ப வரும் என்பது பழைய பயம். ஓமோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் வந்த, 42 வயதுக்கு மேற்படாத ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களைப் பல நாடுகளில் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. அவர்கள் ஒன்றரை முதல் இரண்டரை வருடம் ஓமோன் சிகிச்சை எடுத்தபின், அதைத் தற்காலிகமாக நிறுத்திப் பிள்ளைக்கு முயன்றார்கள். நான்கில் மூன்று பங்கினர் வரையில் கர்ப்பம் தரித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் உயிருள்ள குழந்தையைப் பெற்றார்கள். மூன்று வருட அளவில் அவர்களுக்கு நோய் திரும்பும் வீதம் மற்றவர்களைவிட அதிகரிக்கவில்லை. நீண்டகாலக் கண்காணிப்பு தொடர்கிறது. ஆகவே தமொக்சிபெனைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரோடு திட்டமிட்டே செய்யவேண்டும். கீமோவுக்குப் பின் ஒரு வருடமளவு பொறுத்து உண்டாகும் கர்ப்பத்தில், பிள்ளைக்குக் குறைபாடு வரும் ஆபத்து மற்றப் பிள்ளைகளை விடக் கூடுவதாகக் காணப்படவில்லை.

நம் வீடுகளில் ஆண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். தம்பிக்கோ மகனுக்கோ கணவருக்கோ கீமோ என்றால் அதே கேள்வி அங்கேயும் பொருந்தும். ஆணுக்கு விந்து புதிதாக உண்டாகிக்கொண்டே இருக்கிறது. ஒரு சுற்றுக்கு இரண்டரை மாதமளவு. ஆனால் கடும் மருந்துகள் அதன் மூலக் கலங்களையே அழித்துவிடும். சிகிச்சைக்கு முன் விந்தைச் சேமித்து உறையவைப்பது ஓரிரு நாளில் முடியும் வேலை, ஊசியும் இல்லை, சத்திரசிகிச்சையும் இல்லை. பதினாறு வயதுப் பையனிடம் இதை எப்படிச் சொல்வது என்று அம்மா கூச்சப்பட்டதால் தவறிப்போகக்கூடியது. அம்மாவுக்குக் கூச்சமென்றால் வைத்தியரிடம் விடுங்கள்.

சிறுவயதில் சிகிச்சை பெற்ற பெண்பிள்ளைகள் வளர்ந்தபின், தமக்கு என்ன மருந்து ஏறியது என்றே அறியாமல் இருக்கிறார்கள். பெற்றோரே, கிளினிக் கொப்பியை எறிந்துவிடவேண்டாம். மருந்துகளின் பெயரும் அளவும் அதில் இருக்கின்றன. பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு வயதாகும்போது அந்தக் கொப்பியை அவள் கையிலே கொடுங்கள்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. சைக்ளோபொஸ்பமைட் புற்றுநோய்க்கு மாத்திரம் பயன்படும் மருந்தல்ல. லூபஸ் என்ற நோய் இளம்பெண்களையே அதிகம் தாக்கும். அது சிறுநீரகத்தைப் பிடிக்கும்போது இதே மருந்தை ஏற்றுவார்கள். அங்கேயும் குறைந்த அளவு முறைகளும் மாற்று மருந்துகளும் உண்டு. “எனக்குப் புற்றுநோய் இல்லையே” என்று இந்தக் கேள்வியை விட்டுவிடக்கூடாது.

அன்பான சகோதரிகளே, சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறோம்.

ஒன்று, சுகவீனமுற்ற பழைய மாணவிகளுக்கு நாம் காசு சேர்த்து அனுப்புகிறோம். நல்ல வழக்கம். ஆனால் அது அநேகமாகச் சிகிச்சை பாதி முடிந்தபின் போய்ச்சேருகிறது. அதில் ஒரு பங்கை, சிகிச்சை தொடங்குமுன் ஆலோசனை பெறக் கொழும்புக்குப் போய்வரும் செலவுக்கென்று ஒதுக்கிவைப்போம். விண்ணப்பப் படிவம், கூட்டத் தீர்மானம் என்று காத்திராமல் ஒரே நாளில் கொடுக்கக்கூடியதாக அது இருக்கவேண்டும்.

இரண்டு, நம் கல்லூரியில் படித்த மருத்துவர்களும் தாதியரும் உலகமெங்கும் இருக்கிறார்கள். விருப்பமுள்ளவர்களின் பட்டியல் ஒன்றைச் சங்கம் வைத்திருக்கட்டும். நோய் என்று கேள்விப்பட்ட அன்றே, ஒரு தங்கை வெட்கமில்லாமல் தமிழில் கேட்கக்கூடிய ஓர் அக்கா தொலைபேசியில் இருக்கட்டும்.

மூன்று, உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு வருடத்தில் ஒரு பாடவேளை தாருங்கள். நம் காலத்தில் இனப்பெருக்கத் தொகுதி அத்தியாயம் வந்தால், “இதை வீட்டில் வாசியுங்கள் பிள்ளைகள்” என்று சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போவது பல பாடசாலைகளில் வழக்கம். வீட்டில் ஒருவரும் வாசிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். காலம் மாறிக்கொண்டிருக்கிறது: 2017 முதல் தரம் ஆறு மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியைப் பாடசாலையிலேயே போடுகிறார்கள். ஊசி போட வெட்கப்படாத இடத்தில் விளக்கம் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

இவற்றோடு நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. பிள்ளை இல்லாத பெண்ணைச் சுட்ட நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. இங்கே அதை உச்சரிக்கவில்லை. நீங்களும் வீட்டில் உச்சரிக்கவேண்டாம். எல்லா வழியும் முயன்றும் பிள்ளை கிடைக்காதவர்கள் இருப்பார்கள். சிலர் தத்தெடுப்பார்கள், சிலர் தங்கை பிள்ளைகளை வளர்ப்பார்கள், சிலர் வேறு வேலைகளில் நிறைவு காண்பார்கள். நமக்குப் படிப்பித்த ஆசிரியைகளில் எத்தனை பேர் சொந்தப் பிள்ளை இல்லாமலே நூற்றுக்கணக்கானவர்களை ஆளாக்கினார்கள் என்று எண்ணிப்பாருங்கள். கலியாணம் பேசும்போது வருத்தத்தை மறைப்பதா, சொல்வதா என்று பெற்றோர் கேட்பதுண்டு. அந்த உண்மை அந்தப் பிள்ளைக்குச் சொந்தமானது. யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். வாழப்போகிறவரிடம் அவள் வாயாலேயே சொல்லட்டும். அதைக் கேட்டு விலகிப் போகிறவர் போகட்டும்.

கேட்கவேண்டிய கேள்வி சிறியது. தாளில் எழுதிக்கொண்டு போனாலும் சரி: “இந்த மருந்து என் மாதவிடாயையும் பிள்ளைப்பேற்றையும் பாதிக்குமா? தொடங்குமுன் நான் செய்யக்கூடியது ஏதும் உண்டா? யாரைப் பார்க்கவேண்டும்?” நோயாளி கேட்கமுடியாவிட்டால் கூடப் போகிறவர் கேளுங்கள். அந்தப் பதிலைப் பிள்ளை தனியாக இருந்து கேட்க, ஐந்து நிமிடம் அறைக்கு வெளியே நில்லுங்கள். ஒரு தாய் செய்யக்கூடிய பெரிய உதவி சிலவேளை அந்த ஐந்து நிமிடந்தான்.

தேநீர் வேளையில் மண்டபத்தின் பின்வரிசையில் இருப்போம்; தனியாகக் கேட்க விரும்புகிறவர்கள் தயங்காமல் வாருங்கள்.